திருப்பி அடிக்காத ஹீரோ

ஊரப்பாக்கத்தில் ரயில் ஏறிய கல்லூரிப் பெண், செல்போனைப் பார்த்துத் தோழிக்குப் படித்துக் காட்டினாள். அகிம்சைத் தலைவரைப் பற்றிய பழைய படத்துக்கு யாரோ எழுதிய விமர்சனம்: "படம் பூரா அடி வாங்குறாரு, ஒரு ஃபைட் கூட இல்ல."

அவ்வளவுதான். பீடிப் புகையும் முறுக்கு வாசனையுமாகத் சின்ன வயதில் அந்தப் படம் பார்த்த தாம்பரத்துத் தியேட்டர் என்னைச் சூழ்ந்துகொண்டது. அப்பாவும், அம்மாவின் தம்பியான மாமாவும் ஏதோ ஒரு கல்யாணப் பந்தியில் முறைத்துக்கொண்டு பேச்சை நிறுத்தியிருந்தார்கள். "அவர்கிட்ட சொல்லுக்கா", "உன் தம்பிகிட்ட சொல்லு" என்று தூது போயே அம்மா இளைத்துவிட்டாள். தியேட்டரிலும் இருவருக்கும் நடுவில்தான் உட்கார்ந்தாள்.

திரையில் லத்திகள் இறங்க இறங்க, மாமா பொறுக்காமல் எழுந்து கத்தினார்: "யோவ், திருப்பி அடிய்யா! இன்னா பாத்துகினு கீற?"

அப்பா அம்மாவுக்குக் குறுக்கே கையை நீட்டி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். "உக்காரு மச்சான், அவரு அடிக்க மாட்டாரு."

"அடிக்காம எப்படி மச்சான் ஜெயிப்பாரு?"

"பாரேன், கடைசீல தெரியும்."

அதற்குப் பிறகு அம்மாவின் தலைக்கு மேலே ஒரே பேச்சு. முன்வரிசைக்காரர் திரும்பித் திரும்பி முறைத்தார். அம்மா திரையையே பார்க்கவில்லை; முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் குழாயடியில் பக்கத்து வீட்டு அக்கா கேட்டாள், "படம் எப்படி?"

"நல்ல குடும்பப் படம்" என்றாள் அம்மா.