கல்லக்குடி வரைக்கும் நல்லா பேசினார்

கேஷுவால்டி நர்ஸுக்கு ஊசி போடுவது சுலபம், "எப்போதிலிருந்து இப்படி?" என்ற கேள்விக்குப் பதில் வாங்குவதுதான் கஷ்டம். இந்த டியூட்டி பார்க்கிற உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பிளேன் களைப்பு

நான் அரியலூரில் வேலை பார்க்கிறேன். ஒரு நாள் காலை எட்டு மணிக்கு ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. குவைத்திலிருந்து திருச்சியில் வந்து இறங்கி, அங்கிருந்து வரதராஜன்பேட்டைக்குப் போய்க்கொண்டிருந்தவர் ஆரோக்கியம். வயது முப்பத்தாறு. கூடவே, அழைத்துவரப் போயிருந்த மனைவி ஸ்டெல்லா, அண்ணன் சவரிமுத்து.

"தூக்கமில்லைங்க, பிளேன் களைப்பு. குளுக்கோஸ் போட்டா சரியாயிடும்" என்றார் அண்ணன். ஆரோக்கியத்தின் வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. இரண்டு கையையும் தூக்கச் சொன்னேன். வலது கை தொப்பென்று விழுந்தது. கடைசியாக எப்போது நன்றாகப் பேசினார் என்று கேட்டேன். பின்சீட்டில் இரண்டு பேருமே தூங்கியிருக்கிறார்கள். டிரைவர்தான் முன்னால் வந்தார்.

"கல்லக்குடி தாண்டுறப்ப ஏசியைக் குறைக்கச் சொன்னாரு சிஸ்டர். அப்ப மணி ஏழே கால்."

கையெழுத்து

தலை ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை, அடைப்புதான். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஆனால் சிலருக்கு அதனாலேயே தலைக்குள் ரத்தம் கசியலாம் என்பதையும் டாக்டர் மறைக்கவில்லை. "வூட்டுக்குக் கொண்டுபோயி எண்ணெய் வைத்தியம் பார்த்துக்குறோம்" என்று அண்ணன் சம்மதப் பேப்பரைத் தள்ளிவிட்டார்.

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். "உங்க வூட்டுக்காரரா இருந்தா போடுவீங்களா?" போடுவேன் என்றேன். அவள் கையெழுத்துப் போட்டாள்.

ஊசி போட்ட பிறகு கால் மணிக்கொரு தரம் பிரஷர் பார்த்தேன். ஒவ்வொரு தரமும், ரத்தம் கசிந்தால் இவள் முகத்தில் எப்படி முழிப்பது என்றுதான் நினைப்பு. ஒரு மணி நேரம் கழித்து அவருடைய வலது கை விரல்கள் அசைந்தன. பிறகு குழறலாக, "தண்ணி" என்றார். ஸ்டெல்லா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"மூணு வருசம் கழிச்சு வந்து எங்கிட்டக் கேட்டது தண்ணிதான். கேக்கட்டும்."

குமிழிகள்

சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, சிகரெட் இல்லை. பின்னே ஏன் வந்தது? நுண்குமிழி கலந்த உப்புநீரைக் கை நரம்பில் ஏற்றி எக்கோ பார்த்தார்கள். முக்கச் சொன்னதும், இதயத்தின் வலது பக்கத்தில் நிற்க வேண்டிய குமிழிகளில் ஏழெட்டு, திரையில் வெள்ளைப் புள்ளிகளாக இடது பக்கம் தாண்டின.

கருவில் எல்லோருக்கும் இதயத்தின் நடுச்சுவரில் இருக்கிற சின்னத் துவாரம் இவருக்கு மூடவில்லை. இப்படிப் பலருக்கும் இருக்குமாம், பெரும்பாலும் தொந்தரவு தராது. இவருக்கு பிளேனில் காலை மடக்கியே உட்கார்ந்து கெண்டைக்காலில் ரத்தம் கட்டியிருந்தது. ஏதோ ஒரு முக்கலில் அதில் ஒரு துண்டு அந்த வழியாக மூளைக்குப் போயிருக்கலாம் என்றார் டாக்டர். அதுவரை வாய் ஓயாத சவரிமுத்து சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

"எனக்கு இடுப்பு வலி, நீயே தூக்கி வைடான்னு அத்தனை பெட்டியையும் அவனையே கார் மேல ஏத்த வச்சேன் சிஸ்டர்." அதற்குப் பிறகும் கல்லக்குடி வரைக்கும் நன்றாகத்தானே பேசினார் என்றேன்.

பிறகு திருச்சியில் துவாரத்தை அடைத்தார்கள். ஆரோக்கியம் இப்போது கொஞ்சம் இழுத்துப் பேசுகிறார், நன்றாக நடக்கிறார்.

தலைக்கு ஒரு வார்டு, இதயத்துக்கு ஒரு வார்டு என்று நாங்கள் போர்டு மாட்டி வைத்திருக்கிறோம், ரத்தக்கட்டிதான் அதைப் படித்துப் பார்ப்பதில்லை.