சுவரைப் போய்ப் பார்த்தீர்களா?

எனக்கும் இன்ஜினியரிங்குக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. நியூசிலாந்தில், ஆக்லாந்தின் மவுண்ட் ரோஸ்கில் பகுதியில் ஒரு மருந்துக் கடையில் பார்மசிஸ்டாக இருக்கிறேன். ஒரு ஆணி அடிக்கச் சொன்னால் சுவரில் நான்கு ஓட்டை போடுவேன். அப்படிப்பட்ட என்னை, பொறியாளர்கள் மீது வரும் புகார்களை விசாரிக்கும் குழுவில் உட்காரக் கூப்பிட்டார்கள். என் கணவர் நம்பவே இல்லை.

"உன்னையா? எதுக்கு?"

"இன்ஜினியர் இல்லாதவங்க ஒருத்தர் வேணுமாம். பொதுஜனம்."

"அப்ப சரியான ஆளத்தான் பிடிச்சிருக்காங்க" என்றார். அன்று அவர் காபியை அவரே போட்டுக்கொண்டார்.

சும்மா சொல்லக் கூடாது, நானாகத்தான் போய் மாட்டிக்கொண்டேன். ஆள் தேவை என்ற அறிவிப்பைப் பார்த்ததும் கை பரபரத்து விண்ணப்பம் போட்டுவிட்டேன். சேவை மனப்பான்மை என்று அதில் எழுதினேன். உண்மையில் எல்லாவற்றிலும் மூக்கை நுழைக்கும் குணம்தான். என் லைசென்ஸையும் இப்படி ஒரு அமைப்புதான் ஆண்டுதோறும் புதுப்பித்துத் தருகிறது. கதவுக்கு அந்தப் பக்கம் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பல வருடங்களாக ஒரு அரிப்பு.

பயிற்சி நாளில் ஒரு பெண் அதிகாரி வெள்ளைப் பலகையில் பெட்டி பெட்டியாக வரைந்து காட்டினார். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு சட்டம். அதற்கு மேல், பொறியாளர்களைப் பதிவு செய்யும் அமைப்பு. ஒருவர் தகுதியானவரா என்று பார்ப்பது அலுவலகத்தில் இருப்பவர்கள் இல்லையாம், அதே வேலை செய்கிற மற்ற பொறியாளர்கள்தானாம். ஒருமுறை பதிவு வாங்கினால் ஆயுளுக்கும் போதும் என்பதும் இல்லை, சில வருடங்களுக்கு ஒருமுறை மறுபடி நிரூபிக்க வேண்டும். புகார் வந்தால் முதலில் ஒருவர் சலித்துப் பார்ப்பார், பிறகு ஒரு குழு விசாரிக்கும், விஷயம் பெரிது என்றால் எங்கள் ஒழுங்குக் குழுவுக்கு வரும். எங்கள் முடிவு பிடிக்காவிட்டால் மேலே ஒரு கவுன்சிலிடம் போகலாம். அதன் உறுப்பினர்களை நியமிப்பது அமைச்சர். அங்கேயும் பொறியாளர் அல்லாதவர்கள் உண்டு. அதற்கும் மேலே கோர்ட்.

"அப்போ பொறியாளர்களைப் பொறியாளர்களே விசாரிப்பது சரியா?" என்று கேட்டேன்.

"சுவர் ஏன் சாய்ந்தது என்று அவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் ஒருவரை ஒருவர் காப்பாற்றுகிறார்கள் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கக் கூடாதே. அதற்குத்தான் நீங்கள்" என்றார் அவர்.

எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. வீட்டுக்கு வந்து குளிர்சாதனப் பெட்டிக் கதவில் அதே பெட்டிகளை வரைந்து ஒட்டினேன். பிறகு ஒரு புகார் வராதா என்று காத்திருந்தேன். யாருக்கோ கெட்ட காலம் வர வேண்டும் என்று காத்திருந்திருக்கிறேன், பாருங்கள்.

வந்தது. விவரக் கோப்பை அனுப்புவதற்கு முன் ஒரு பக்கம் மட்டும் அனுப்பினார்கள். பிளாட் புஷ்ஷில் புது வீடு ஒன்றின் பின்னால் மண்ணைத் தாங்கும் தடுப்புச் சுவர், மழைக்குப் பிறகு சாய்ந்துவிட்டது. வரைபடத்தில் உள்ளபடிதான் கட்டியிருக்கிறார்கள் என்று பொறியாளர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஆனால் நேரில் போகவில்லை, கட்டியவர் அனுப்பிய போட்டோக்களை மட்டும் பார்த்தார் என்பது புகார். கீழே சம்பந்தப்பட்டவர்களின் பெயர்கள். இவர்களில் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டிருந்தார்கள்.

பொறியாளரின் பெயர் எனக்குத் தெரிந்த பெயர். ஹில்ஸ்பரோவில் இருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் பிள்ளைகள் ஒன்றாகத் தமிழ்ப் பள்ளிக்குப் போனவர்கள். இங்கே மர வீடுகள் குட்டைத் தூண்கள் மேல்தான் நிற்கும். நாங்கள் இந்த வீட்டை வாங்கும்போது, கேட்காமலே வந்து, வீட்டுக்கு அடியில் இருக்கும் சின்னக் கதவு வழியாகத் தவழ்ந்து போனார். அரை மணி நேரம் கழித்து முகமெல்லாம் மண்ணும் ஒட்டடையுமாக வெளியே வந்தார். "பயப்பிடாமல் வாங்குங்கோ அக்கா. எல்லாத் தூணையும் தட்டிப் பாத்திட்டன்" என்றார். அந்த வார்த்தையை நம்பித்தான் வாங்கினோம்.

அந்த மனிதரா போகாமல் கையெழுத்துப் போட்டார்? எனக்கு முதலில் வந்தது கோபம். அப்புறம் பயம். பதிவு போனால் அவர் பிழைப்பே ஆடிப்போகும்.

"தெரியும்னு எதுக்கு எழுதுற? இந்த ஊர்ல எல்லாத் தமிழங்களுக்கும் எல்லாரையும் தெரியும்" என்றார் கணவர். "நீ உள்ள இருந்தா அவருக்கு நல்லதுதானே?"

இரண்டு நாள் அந்தத் தாளைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். உள்ளே இருக்க எனக்கு அவ்வளவு ஆசை. மூன்றாம் நாள் குழுத் தலைவருக்குப் போன் செய்து வீட்டுக் கதையைச் சொன்னேன். அவர் ஓய்வுபெற்ற பொறியாளர், அதிகம் பேசாதவர். ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அவர் மேல் உங்களுக்கு நன்றி உண்டா?"

"நிறைய."

"அப்படியானால் விலகிக்கொள்ளுங்கள்."

அவ்வளவுதான். என் இடத்தில் வேறொருவரைப் போட்டார்கள். உள்ளே என்ன நடந்தது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கக் கூடாது. என்னைப் போன்றவளுக்கு இதைவிடப் பெரிய தண்டனை ஏது? மற்ற எல்லாரையும் போல, தீர்ப்பை அவர்கள் வெளியிட்ட பிறகுதான் படித்தேன். ஒரு வருடத்துக்குப் பதிவு நிறுத்திவைப்பு. அவர் கவுன்சிலுக்கு மேல்முறையீடு செய்யவில்லை.

சில வாரங்கள் கழித்து ரத்த அழுத்த மாத்திரை வாங்கக் கடைக்கு வந்தார். ஆள் இளைத்திருந்தார். கடையில் வேறு யாரும் இல்லை.

"அவை அனுப்பின குழுப் பட்டியலில உங்கட பேரைக் கண்டவுடன எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது அக்கா. எங்கட ஆள் ஒராள் இருக்கிறா எண்டு. பிறகு பேரை மாத்திப்போட்டினம். நீங்கள் என்னைக் கைவிட்டிட்டியள் எண்டுதான் நினைச்சன்."

சுருக்கென்று தைத்தது. மறைத்துப் பேச எனக்கு வராது.

"நான் இருந்திருந்தா என்ன கேட்டிருப்பேன் தெரியுமா அண்ணா? எங்க வீட்டுக்கு அடியில அவ்வளவு தூரம் தவழ்ந்து போனீங்களே, அந்தச் சுவரைப் போய்ப் பாத்தீங்களான்னு கேட்டிருப்பேன்."

அவர் கவுண்டரில் இருந்த மாத்திரைப் பையின் வாயை மடித்தார்.

"குழுவில இருந்த ஆக்களும் அதைத்தான் கேட்டவை. வேலை கூடிப்போச்சு எண்டன். அது காரணமில்லை எண்டு சொல்லிச்சினம். சரிதானே? காரணமில்லைத்தானே?" பிறகு சொன்னார்: "நீங்கள் கேட்டிருந்தால் வெக்கத்தில நான் எழும்பிப் போயிருப்பன்."

ஏதாவது செய்து இதைச் சரிக்கட்டிவிட வேண்டும் என்ற அவசரத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன். பொய்யும் இல்லை. "மழைக்கு அப்புறம் எங்க வீட்டுல ஒரு கதவு சரியாச் சாத்த மாட்டேங்குது. ஒரு நடை வந்து அடியில பாத்துட்டுப் போறீங்களா?"

அவர் முகம் ஒரு கணம் மலர்ந்தது. பிறகு தலையை ஆட்டினார்.

"இல்லை அக்கா. இந்த ஒரு வருஷம் நான் சொல்லுற சொல்லுக்குப் பெறுமதி இல்லை. வேற ஆரையாவது கூப்பிடுங்கோ." மாத்திரைப் பையை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனவர் திரும்பினார். "நேரில வந்து பாக்கிற ஆளாப் பாத்துக் கூப்பிடுங்கோ."

நான் இன்னும் யாரையும் கூப்பிடவில்லை. அந்தக் கதவைத் தூக்கித் தூக்கித்தான் சாத்துகிறோம்.