தகரக் கூரைக்குக் கீழே மெத்தை நாற்காலி

ஹட்டனில் பழைய படக்கொட்டகையைப் புதுப்பித்துத் திறந்தபோது அம்மாவை அழைத்துப்போனேன். தேயிலைத் தோட்ட ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கும் வேலைக்கு நான் பயிற்சி முடித்திருந்த சமயம். படத்தின் கதையை மறுநாள் கொழுந்து பறிக்கும் மலையில் சொல்வதாக அம்மா மற்றப் பெண்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

மெத்தை நாற்காலி, சிவப்புத் திரை, சுவர் விளக்குகள் எல்லாம் புதியவை. கூரை மட்டும் பழைய தகரம். இடைவேளைக்குப் பிறகு மழை பிடித்தது. வசனம் ஒன்றும் கேட்கவில்லை. முன்பெல்லாம் மழை வந்தால், ஏற்கெனவே படம் பார்த்தவர்கள் வசனத்தை உரக்கச் சொல்வார்கள். அன்றும் ஒருவர் தொடங்கினார். உடனே கொட்டகை ஆளின் டார்ச் வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது.

"சத்தம் போடாதீங்க! இது இப்ப பெரிய தியேட்டரு."

"மொதல்ல மழைய அடக்குங்க தொரை," என்றவர், வசனத்தை அத்தோடு நிறுத்திக்கொண்டார்.

படம் முடிந்தது. "அப்பன் மகள மன்னிச்சானா இல்லையா?" என்றாள் அம்மா.

"தெரியலம்மா. ரெண்டு பேரும் அழுதாங்க."

"அழுதத நானுந்தான் பாத்தேன். மலையில என்னத்த சொல்ல?"

பஸ்ஸுக்கு நின்ற கூட்டத்தில், டார்ச் வெளிச்சம் விழுந்த அந்த முகத்தை அம்மா கண்டுகொண்டாள். என் குடையை வாங்கி அவரிடம் நீட்டினாள்.

"அண்ணே, எடவேளையில இருந்து சொல்லுங்க."

பஸ் வரும்வரை அவர் சொன்னார். நானும் நனைந்துகொண்டே கேட்டேன்.