முந்தியவனுக்கு முன்னால்

விளாங்குடி ஷேர் ஆட்டோ ஸ்டாண்டில் வரிசைப்படிதான் வண்டி கிளம்ப வேண்டும். நான் தினமும் போகும் ஆட்டோவின் டிரைவர், காக்கிச் சட்டையைக் கழுத்துப் பட்டன்வரை போட்டிருப்பார். அவர் முறையில் வேறொரு ஆட்டோக்காரன் முந்திவிட்டான். அதற்காக மூன்று நாள், கடைசி நிறுத்தமான பரவைவரை அவனுக்கு முன்னாலேயே ஓட்டி, வழியில் கைகாட்டியவர்களையெல்லாம் இவர் காசு வாங்காமல் ஏற்றிக்கொண்டார்.

“உங்களுக்கும் நட்டம்தானேண்ணே?”

“இருக்கட்டும். இவனை விட்டா நாளைக்கு அம்புட்டுப் பேரும் முந்துவாய்ங்க.”

நான்காம் நாள் அவன் ஒழுங்காக வரிசையில் நின்று, தன் முறை வந்த பிறகே கிளம்பினான். இவர் சாவியைத் திருகினார்.

“அதான் திருந்திட்டானேண்ணே?”

“அவன் திருந்திட்டான். எனக்கு இன்னும் ஆறலை.”

எங்களுக்கு முன்னால் வரிசையில் நான்கு வண்டிகள் நின்றன. அவற்றைத் தாண்டி அவனை விரட்டினார். நானும் இறங்கவில்லை.