குதிக்கால் தரையில் படவில்லை

மூன்று வருடங்களுக்கு முன்பு, கல்முனையில் ஒரு பாடசாலை மண்டபத்தில் வலய மட்டக் கராத்தேப் போட்டி நடந்தது. நான் சாய்ந்தமருதில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். கராத்தே பற்றி ஒன்றும் தெரியாது. எங்கள் விளையாட்டு ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார். மாணவிகளைக் கூட்டிக்கொண்டு போக ஒரு பெண் ஆசிரியை வேண்டும் என்று அதிபர் என் பெயரைப் போட்டுவிட்டார்.

மாணவிகள் என்றாலும் போட்டிக்கு வந்தது ஒருத்திதான். பத்தாம் வகுப்பு. அவளுக்குக் கராத்தே பழக்கியவர் அவளுடைய சாச்சி, உம்மாவின் தங்கை. கொழும்பில் வேலை செய்த காலத்தில் 'ஷிட்டோ ரியு' என்ற பாணியில் கறுப்புப் பட்டி எடுத்தவர். வீட்டு முற்றத்தில் வைத்தே அக்காவின் மகளைப் பழக்கியிருந்தார். அன்றைக்கு அவர்தான் கூட வந்திருக்க வேண்டும். விடியப் பிரசவ வலி வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்விட்டார்கள். அதனால் பயிற்றுநர் இருக்க வேண்டிய கதிரையில் நான் இருந்தேன்.

மற்றப் பிள்ளைகள் எல்லாரும் பழகியது 'ஷோட்டோகான்' பாணி. எதிரி இல்லாமல் தனியாகச் செய்து காட்டும் அசைவுகளைக் 'கட்டா' என்கிறார்கள். முதல் சுற்றுகளில் என் மாணவி செய்தது வேறு கட்டாக்கள்; அவற்றில் பிரச்சினை ஒன்றும் வரவில்லை. இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டாள். வெல்பவர் மாகாணப் போட்டிக்குப் போகலாம். எதிரே நின்றவள் பக்கத்து ஊரான பாண்டிருப்புப் பிள்ளை.

இரண்டு பேரும் ஒரே கட்டாவைத்தான் செய்தார்கள். பாணிக்குப் பாணி அதற்குப் பெயர்தான் வேறு என்று பிறகு அறிந்தேன். ஆனால் நிற்கும் விதம் வேறு என்பது என் கண்ணுக்கே தெரிந்தது. பாண்டிருப்புப் பிள்ளை பின்கால் முழங்காலை மடித்து, முன்காலை நீட்டி, இரண்டு பாதமும் தரையில் பதிய நீளமாக நின்றாள். என் மாணவி குறுகலாக நின்றாள். அவளுடைய முன்காலின் நுனி மட்டும் தரையைத் தொட்டது, குதிக்கால் மேலே இருந்தது. பூனை அடியெடுத்து வைக்கப்போய் அப்படியே நின்றுவிட்டது போல இருந்தது.

வென்றவரைக் காட்ட நடுவர்கள் கொடி தூக்குவதற்கு முன் தலைமை நடுவர் என்னிடம் வந்தார்.

"டீச்சர், உங்கட புள்ளைட நிலை பிழை. முன்கால் குதி தரையில படவே இல்ல. ஒரு இடத்தில எண்டா பரவாயில்ல, எல்லா இடத்திலயும் அப்படித்தான் நிண்டவ. தகுதியிழப்புக் குடுக்கத்தான் வேணும்."

"சேர், அவட சாச்சி இப்படித்தான் பழக்கினவ" என்றேன். பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். சாச்சியின் கைபேசிக்கு எடுத்துப் பார்த்தேன். அணைத்து வைத்திருந்தது.

"ஷிட்டோ ரியு எண்டு சொல்லுங்க டீச்சர்" என்றாள் என் மாணவி மெதுவாக. சொன்னேன்.

"எந்தப் பாணி எண்டாலும் நிலை எண்டா ஒரு நிலைதானே?" என்று கேட்டார் நடுவர். பிள்ளை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். விஞ்ஞான பாடத்தில் என்னிடம் கேள்வி கேட்டுவிட்டு அப்படித்தான் பார்ப்பாள்.

அந்த நேரத்தில் எதிர்ப் பக்கத்துக் கதிரையில் இருந்த, பாண்டிருப்புப் பிள்ளையைப் பழக்கிய மாஸ்டர் எழும்பினார். ஐம்பது வயது இருக்கும்.

"சேர், ஒரு நிமிசம். அது பிழை இல்ல."

செருப்பைக் கழற்றிவிட்டு, காற்சட்டையை மடித்துக்கொண்டு விரிப்பில் ஏறினார். முதலில் தன்னுடைய பாணியில் நின்றார்.

"இது எங்கட நிலை. முன்காலும் கொஞ்சம் பாரம் தாங்குது. அதத் தூக்கச் சொன்னா, நான் உடம்பப் பின்னுக்கு எடுத்துத்தான் தூக்கணும்." தூக்கிக் காட்டினார். உடம்பு பின்னால் போனது. பிறகு கால்களைக் குறுக்கி, முன் குதியை உயர்த்தி நின்றார். "இது அவங்கட நிலை. முன்கால்ல பாரமே இல்ல. இதில குதிய ஊண்டினாத்தான் பிழை." அந்தக் காலைத் தூக்கினார். உடம்பு அசையவில்லை.

பிறகு என் மாணவியைப் பார்த்தார். "மகள், கட்டாவில நிண்ட மாதிரியே வந்து நில்லுங்க. இப்ப முன்காலத் தூக்குங்க."

தூக்கினாள். ஆடாமல் நின்றாள். உதைக்கச் சொன்னார். உதைத்துவிட்டுக் காலைப் பழைய இடத்திலேயே கொண்டு வந்து வைத்தாள்.

"பழக்கின ஆள் வடிவாப் பழக்கியிருக்கா" என்று சொல்லிவிட்டு மாஸ்டர் இறங்கினார்.

நடுவரும் வீம்புக்காரர் இல்லை. மற்ற நடுவர்களைக் கூப்பிட்டுக் கதைத்தார். கொடிகள் எழும்பின. என் மாணவி வென்றாள்.

பாண்டிருப்புப் பிள்ளை துவாயால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவளுடைய அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"மாஸ்டர், நீங்க யார்ட பக்கம்? வாய மூடிக்கொண்டு இருந்திருந்தா என்ட பிள்ளை மாகாணத்துக்குப் போயிருப்பாளே!"

"ஓம், போயிருப்பா" என்றார் மாஸ்டர். இனிப் பிள்ளையை வகுப்புக்கு அனுப்புவதில்லை என்று சத்தம் போட்டுவிட்டு அந்த மனிதர் மகளின் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

நான் நன்றி சொல்லப் போனபோது மாஸ்டர் ஒரு செருப்பைப் போட்டுக்கொண்டு மற்றதைத் தேடிக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நன்றி சொல்லாதீங்க டீச்சர். நடுவர் உங்களோட கதைக்கத் தொடங்கக்குள்ளயே எனக்கு விளங்கிட்டு. உடனே எழும்பல்ல. இருப்பமா, எழும்புவமா எண்டு யோசிச்சுக்கொண்டுதான் இருந்தன். என்னட்டப் பழகினவளும் நல்லாக் கஸ்டப்பட்ட பிள்ளை."

வெளியே வந்தால், தண்ணீர்க் குழாயடியில் என் மாணவியும் அந்தப் பிள்ளையும் வெறுங்காலோடு மணலில் நின்றார்கள். "அது எப்படி நிக்கிற? காட்டுங்க" என்று பாண்டிருப்புப் பிள்ளைதான் கேட்டாளாம். அழுத கண் இன்னும் சிவந்திருந்தது. குதியைத் தூக்கி நிற்கப் பார்த்தாள், உடம்பு ஆடியது. பிறகு என் மாணவி அவளுடைய நீள நிலையில் நின்று பார்த்தாள். சற்று நேரத்திலேயே தொடை நடுங்கியது. "ஏலாதுடி!" என்று மணலிலேயே இருந்துவிட்டாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். மதிலோரம் மோட்டார் சைக்கிளை இயக்கி வைத்துக்கொண்டு காத்திருந்த அப்பா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் இயந்திரத்தை நிற்பாட்டிவிட்டார்.

மாகாணப் போட்டியில் என் மாணவி முதல் சுற்றிலேயே தோற்றாள். அவளை வென்றவள் உண்மையிலேயே நன்றாகச் செய்தாள். சாச்சிக்கு ஆண் பிள்ளை. அடுத்த வருட வலயப் போட்டிக்குப் பாண்டிருப்புப் பிள்ளை அதே மாஸ்டரோடு வந்திருந்தாள். அப்பா தண்ணீர்ப் போத்தலோடு பின்னால் நின்றார்.

அன்றைக்கு அந்த மாஸ்டர் பொய் சொல்லத் தேவையே இருக்கவில்லை. பேசாமல் இருந்திருந்தாலே போதும். ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள், ஏனென்றால் அவருக்கு விளங்கியது ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அவர் எழும்பியதைவிட, எழும்புமுன் தயங்கியதை என்னிடம் ஒளிக்காமல் சொன்னதுதான் என் மனதில் அதிகம் நிற்கிறது. நல்ல மனிதர்களுக்குத் தயக்கமே வராது என்று அதுவரை நினைத்திருந்தேன். வரும், வந்த பிறகும் எழும்பலாம் என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் கண்டேன்.