நிறுத்தி வைத்த தண்ணீர்

சாம்பல் நிறப் பூச்சு உலர்ந்த வெறும் தரையின் மேல் நான்கு விரல் உயரத்துக்குத் தண்ணீர் அசையாமல் நிற்கிறது. அதன் விளிம்பைத் தொட்டபடி சுவரில் ஒரு பென்சில் கோடு. பெரியம்மாவை நினைக்கும்போது அவர் முகத்துக்கு முன்பாக இந்தக் காட்சியே எனக்குத் தோன்றுகிறது. அது எங்கள் குளியலறை. ஓடு பதிப்பதற்கு முந்தைய நிலையில் இருந்தது.

மைசூர் மண்டி மொஹல்லாவில் ஒரே வீட்டின் கீழ்த்தளத்தில் அப்பாவின் அண்ணனான பெரியப்பாவும் பெரியம்மாவும், மாடியில் அம்மாவும் நானும் இருந்தோம். அப்பா இறந்த பிறகும் மாடியில் தனி அடுப்பு எரிய வேண்டும் என்பது அம்மாவின் முடிவு. பெரியப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. எங்கள் குளியலறைத் தரை ஒழுகி, அவர் படுக்கும் அறையின் கூரையில் ஈரம் படர்ந்தபோது அவருக்கு நியாயமான காரணம் ஒன்று கிடைத்துவிட்டது. "மேல பாத்ரூமே வேண்டாம். ரெண்டு பேரும் கீழ வந்து குளிச்சுக்குங்க, கீழயே சாப்பிட்டுக்குங்க. எதுக்கு ரெண்டு குடித்தனம்?" என்றார். அவர் கெட்டவர் அல்லர். தானிய மண்டியில் நாள் முழுதும் ஆட்களை அதட்டி வேலை வாங்கியவருக்கு, வீடும் ஒரே குரலுக்கு நடந்தால் போதும் என்று தோன்றியது. ஆனால் கீழே குளிக்கப் போனால், அவர் குளித்து முடித்த பிறகுதான் எங்கள் காலை தொடங்கும் என்பதும், அதற்கடுத்து எங்கள் அடுப்பும் அணைந்துவிடும் என்பதும் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

அம்மா ஒரே ஒரு வாய்ப்புக் கேட்டார். பழைய தரையைப் பெயர்த்து, குழாய்களை மாற்றி, மூலைகள் உட்பட நீர் இறங்காத பூச்சைப் பூசினார் மேஸ்திரி. ஓடு பதிக்கும் முன், வெளியேறும் துளையைத் துணியால் இறுக அடைத்து, இரண்டு நாள் தண்ணீர் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்றார். கீழே கூரையில் பழைய ஈரமே இன்னும் காயாததால் அதைப் பார்த்து எதையும் முடிவு செய்ய இயலாது. எனவே சுவரில் போட்ட கோடே தீர்ப்புச் சொல்லட்டும் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். "தண்ணி எறங்குச்சுன்னா அந்த ரூமை சிமெண்டு போட்டு மூடிடுவேன்" என்றார் பெரியப்பா. "சரிங்க மாமா" என்றார் அம்மா.

அவ்வளவு தண்ணீரை நிரப்பியதில் இரு வீட்டுக்கும் பொதுவான தொட்டி காலியாகிவிட்டது. மறுநாள் குழாயிலும் தண்ணீர் வரவில்லை. அதற்கடுத்த நாள் காலை, குழாய் சீறிக்கொண்டு வந்துகொண்டிருந்த வேளையில், பெரியப்பா டார்ச்சுடன் மாடியேறினார். தண்ணீர் கோட்டுக்கு ஒரு விரல் கீழே நின்றது.

"கோடு அங்க இருக்கு, தண்ணி இங்க இருக்கு. நடுவுல இருந்தது எங்க போச்சு? என் தலைமேலதான் போச்சு."

"வெயிலுக்குக் கொஞ்சம் சுண்டும் சார்" என்றார் மேஸ்திரி.

"மைசூர் வெயில்ல ஒரு விரல் சுண்டுமா? அடியில அடுப்பு கிடுப்பு பத்த வெச்சியா?"

அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொடுத்த வாக்கை மீறுவது அவர் வழக்கமில்லை. "நீங்க சொன்னபடியே செஞ்சுக்குங்க மாமா" என்று அவர் தொடங்கியபோதுதான், படியில் நின்ற பெரியம்மா வாய் திறந்தார். பிறர் முன்னிலையில் பெரியப்பாவிடம் அவர் நேராகப் பேசி நான் அதுவரை கேட்டதில்லை. சாப்பிட அழைப்பதென்றாலும் "உங்க பெரியப்பாவ வரச் சொல்லு கண்ணு" என்று என்னைத்தான் அனுப்புவார்.

"ஏனுங்க, அந்தத் தண்ணிய நான்தான் எடுத்தேன்."

"எந்தத் தண்ணிய?"

"இதத்தான். நேத்து டேங்குலயும் இல்ல, கொழாயும் வரல. ரெண்டு பக்கெட் மொண்டுக்கிட்டுப் போனேன்."

"சோதிக்க வெச்ச தண்ணின்னு தெரியாதா உனக்கு?"

"தெரியும். ரெண்டு பக்கெட்டுல என்ன கொறஞ்சுடப் போகுதுன்னு நெனச்சேன். நேத்து மத்தியானம் நீங்க கக்கூசுக்குப் போனீங்களே, இந்தத் தண்ணிலதான் போனீங்க."

மேஸ்திரி சுவர்ப்பக்கம் திரும்பிப் பூச்சை மிகுந்த அக்கறையுடன் ஆராயத் தொடங்கினார்.

"சும்னே இரு" என்று கன்னடத்தில் அதட்டினார் பெரியப்பா. "அவளைக் காப்பாத்தறதுக்குப் பேசற."

"பேச்சு எதுக்குங்க. ஊத்திப் பாத்துடலாம்."

கீழே போய், அதே இரண்டு வாளிகளையும் நிரப்பிக்கொண்டு வந்தார் பெரியம்மா. வாங்கிக்கொள்ள நான் நீட்டிய கையை விலக்கிவிட்டு, தானே மெதுவாக ஊற்றினார். அலை அடங்கியது. பெரியப்பா குனிந்து டார்ச் அடித்தார்.

"இன்னும் ஒரு நூல் கம்மியா இருக்கு."

"அந்த ஒரு நூலுதான் சார் மைசூர் வெயில்" என்றார் மேஸ்திரி.

பெரியப்பா நிமிர்ந்து டார்ச்சை அணைத்தார். பெரியம்மாவைப் பார்க்காமல், "டைல்ஸ் ஒட்டச் சொல்லு" என்று என்னிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

இப்போது இலக்கியம் படிக்கிறேன். மனிதர்கள் ஏன் பேசுகிறார்கள், ஏன் பேசாதிருக்கிறார்கள் என்று ஆராய்வது என் பாடத்தில் ஒரு பகுதி. பெரியம்மா அன்று பேசாதிருந்தால் குற்றம் தரையின் மேலேயே நின்றிருக்கும். அவர் மேல் எவருக்கும் ஐயம் எழுந்திராது. இரக்கத்தால் பேசினார் என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். சென்ற ஆண்டு ஒரு நாள் கேட்டும்விட்டேன். பூண்டு உரித்துக்கொண்டே சொன்னார்: "உங்களுக்காகன்னு நெனச்சியா? நீங்க ரெண்டு பேரும் கீழ வந்துட்டா, நான் ஏறி வர எனக்கு ஒரு எடம் வேண்டாமா?"

கீழே கூரை காய்ந்து, வெள்ளையடித்தும் ஆயிற்று. வெள்ளிக்கிழமைகளில் பெரியம்மா தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு, துண்டைத் தோளில் போட்டபடி மாடிக்கு வருகிறார். கீழே தாராளமாகத் தண்ணீர் வரும் நாளிலும் வருகிறார். வெகுநேரம் குளிப்பார். இன்றும் அப்படித்தான்: அம்மா காப்பியை இரண்டாம் முறை சூடாக்கிவிட்டார், பெரியப்பா கீழிருந்து கூப்பிடுகிறார், உள்ளே இன்னொரு சொம்பு தண்ணீர் நிதானமாக விழுகிறது.