அத்தையின் சோறும் என் கல்லும்

எனக்கு அப்போது எட்டு வயது. மலையூரான பேத்துப்பாறையில் எங்கள் பட்டாணிக் காட்டில் காக்காய் விரட்டுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. பள்ளிக்கூடம் இல்லாத நாளெல்லாம் அதுதான் வேலை. கறுப்பாக ஏதாவது வந்து இறங்கினால் போதும், என் கை தானாகக் கல்லைத் தேடும்.

அந்த வருஷம் அத்தை, அப்பாவின் தங்கை, காய்ச்சலில் கிடந்து இறந்துபோனார். எங்கே போயிருக்கிறார் என்று எல்லோரையும் கேட்டேன். சாமியாகிவிட்டார் என்றாள் அம்மா. டீச்சர் பரலோகம் என்றார். இந்நேரம் எங்காவது பிறந்திருப்பார் என்றார் சித்தப்பா. ஒரே ஆள் இத்தனை இடத்துக்கு எப்படிப் போக முடியும்? ஒருவேளை எங்கேயுமே போகாமல், இல்லாமலே போயிருந்தால்? நானும் ஒருநாள் அப்படித்தானா என்று கேட்கப் பயமாக இருந்தது.

பதினாறாம் நாள் காரியத்தில் விடை கிடைத்தது. தண்ணீர்த் தொட்டிமேல் இலை போட்டுச் சோறு வைத்தார்கள்.

"ஒங்கத்தை காக்காயா வந்து சாப்பிடுவா. சாப்பிட்டுட்டா நிம்மதியாப் போயிருவா," என்றாள் அம்மா.

பனிமூட்டத்தில் ஒரு காக்காயும் வரவில்லை. "ஒம் புருசனை நாங்க பாத்துக்கிறோம், வா தாயி," என்று அப்பா வாக்குக் கொடுத்துப் பார்த்தார். சித்தப்பா போனில் காக்காய்ச் சத்தம் வைத்தார். காக்காய் சோற்றைத் தொடாமல் யாரும் சாப்பிடக் கூடாது. பசியில் எங்களுக்குக் கண் இருட்டியது. அத்தையின் கணவரான மாமா மட்டும் காக்காயைக் கூப்பிடவே இல்லை.

கடைசியில் ஒன்று வந்தது. தத்தித் தத்திச் சோற்றருகே போய் அலகை நீட்டியது. என் கை என்னைக் கேட்கவில்லை. கல் தொட்டியில் பட்டுத் தெறித்தது. காக்காய் பனிக்குள் பறந்துவிட்டது.

"அடிப் பாவி, வந்தவளை வெரட்டிட்டியேடி!" என்று அம்மா முதுகில் ஒன்று வைத்தாள்.

அடி உறைக்கவில்லை. அத்தைக்கு இனிப் போக்கிடம் ஏது என்பதுதான் கவலை. வேறு காக்காய் வராததால் சோற்றை மாட்டுக்கு வைத்துவிட்டு எல்லோரும் பந்தியில் உட்கார்ந்தார்கள். நான் காட்டோரம் போய் அழுதேன். மாமா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மாமா, அத்தை பசியோட போயிட்டாங்களா?"

"எங்க போனா? சாப்பிட்டாத்தான தாயி போவா. இங்கனதான் எங்கிட்டாச்சும் இருப்பா. இவுகளுக்குத்தான் வெரசா அனுப்பிவிடணும்னு அவசரம்."

தன் பங்கு வடையை என் கையில் வைத்து, தலையைத் தடவிக்கொடுத்தார். அவர் கண்ணில் தண்ணீர் வழிந்தது, முகம் சிரித்தது.

நானோ அதன்பின் ஒரு மாதம் தனியாகக் கொல்லைப்பக்கம் போகவில்லை. செத்துப்போனவர் இங்கேயே சுற்றிக்கொண்டிருக்கிறார் என்ற பயங்கரமான சேதியை மாமா ஏன் அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னார் என்று எனக்குப் புரியவே இல்லை.